ஐந்து கட்டைகளை அழுத்தினால் மோகனம் வந்துவிடுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். பத்து வயது மகள் வயலின் கற்கிறாள். மோகன ராகத்தில் அமைந்த ஒரே ஒரு கீதத்தை (தொடக்க நிலைச் சிறு பாட்டு) அவளுடைய ஆசிரியை மூன்று மாதமாக வாசிக்க வைக்கிறார். வீட்டில் அண்ணன் தன் கீபோர்டில் அதே ஐந்து சுரங்களை வரிசையாக அழுத்திக் காட்டுகிறான். “சீன நாட்டுப் பாட்டு போல இருக்கிறதே தவிர, கச்சேரியில் கேட்கிற மோகனம் போல இல்லை. சுரங்கள் ஐந்தும் சரியாகத்தானே இருக்கின்றன, பிறகு குறைவது எது? ஐந்தே சுரம் உள்ள ராகத்துக்கு மூன்று மாதம் தேவையா?” என்பது அவருடைய கேள்வி.

வேலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்து வருகிறேன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். ஆனால் “சீனப் பாட்டு போல இருக்கிறது” என்று ஒரு பையன் காதால் கண்டுபிடித்துச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. அவன் காது பொய் சொல்லவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மோகனத்தின் சுரங்கள் ச (சட்ஜம்), ரி (ரிஷபம்), க (காந்தாரம்), ப (பஞ்சமம்), த (தைவதம்). ரிஷபமும் தைவதமும் சதுசுருதி என்ற வகை. காந்தாரம் அந்தர காந்தாரம் என்ற வகை. ம என்ற மத்தியமமும் நி என்ற நிஷாதமும் கிடையாது. இதே ஐந்து இடங்கள் சீன இசையில் இருக்கின்றன, ஸ்காட்லாந்து நாட்டுப் பாடல்களில் இருக்கின்றன, ஆப்பிரிக்காவிலும் இருக்கின்றன. யாரும் யாரிடமிருந்தும் இரவல் வாங்கியிருக்க வேண்டியதில்லை. சட்ஜத்தைப் பாடினால் அதற்கு மிக நெருங்கிய உறவாகப் பஞ்சமம் காதில் விழும். அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாக நினைத்து அதற்கொரு பஞ்சமம் தேடினால் ரிஷபம் கிடைக்கும். ரிஷபத்தின் பஞ்சமம் தைவதம். தைவதத்தின் பஞ்சமம் காந்தாரம். நான்கு முறை தாவினால் ஐந்து சுரங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. நம் முன்னோர் பஞ்சமத்தை இளி என்றார்கள். இப்படி இளி இளியாகத் தாவிச் செல்வதற்கு இளிக்கிரமம் என்று பெயர். குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்று அந்தப் பழைய பெயர்களைச் சொல்லிப் பார்த்தால் ச, ப, ரி, த, க என்று மோகனம் தானாக வந்து நிற்கும். தந்தியைக் கட்டி மீட்டத் தெரிந்த எந்த மனிதக் கூட்டமும் இந்த ஐந்தைச் சந்தித்தே தீரும்.

ஆகவே சுரத்தானங்கள் உலகப் பொது. அவற்றை மோகனமாக்குவது வேறு. அந்த வேறு எது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்.

முதலில் காந்தாரத்தைப் பாருங்கள். தம்புராவையோ சுருதிப்பெட்டியையோ மீட்டிவிட்டு, தெருச் சத்தம் அடங்கிய நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நல்ல தம்புராவாக இருந்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் சட்ஜத் தந்தியின் அதிர்விலிருந்து மேலெழுந்து வரும். அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். மோகனம் பாடுகிறவர் காந்தாரத்தில் நிற்கும்போது அவருடைய குரல் அந்தச் சுயம்பு காந்தாரத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளும் நொடியில் சபையே கொஞ்சம் அமைதியாவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கீபோர்டின் காந்தாரமோ எல்லாக் கட்டைகளுக்கும் சம இடைவெளி என்ற கணக்கில் அமைந்தது. அது சுயம்பு காந்தாரத்தைவிடச் சற்று உயரம். எவ்வளவு என்றால், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. சொன்னால் மிகச் சிறியதாகத் தோன்றும். சுருதியோடு சேர்த்துக் கேட்டால் அந்தச் சிறு தூரம் காதில் உறுத்தும். இளிக்கிரமத்தில் தாவிப் போனாலும் கடைசியில் கிடைக்கும் காந்தாரம் இப்படிச் சற்றே தூக்கலாகத்தான் இருக்கும். பாடகரின் காதுதான் அதை இறக்கிச் சுருதியில் அமர்த்துகிறது. உங்கள் மகள் வயலினில் இந்த இடத்தை விரலால் தேடி அடைகிறாள். வயலினில் கட்டை கிடையாது, வீணையில் சுர இடத்தைக் காட்டும் மெட்டும் கிடையாது. பத்து வயதில் அந்தப் புள்ளியை விரல் மறக்காமல் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆவது இயல்பு.

ஆனால் காந்தாரம் மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மோகனத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே இரண்டு மத்தியமங்களின் இடம் காலி. தைவதத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் நடுவே இரண்டு நிஷாதங்களின் இடம் காலி. இந்த இரண்டு காலி இடங்களை எப்படிக் கடக்கிறோம் என்பதில்தான் மோகனம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கீபோர்டில் விரல் ஒரு கட்டையிலிருந்து எழுந்து அடுத்த கட்டையில் விழுகிறது. நடுவில் எதுவும் இல்லை. குரலும் வயலினும் நாகசுரமும் அப்படிப் போவதில்லை. காந்தாரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு பஞ்சமத்தைச் சேர்கின்றன. மேல் சட்ஜத்திலிருந்து நழுவித் தைவதத்தில் இறங்குகின்றன. இதற்கு ஜாரு என்று பெயர். போகிற வழியில் மத்தியமத்தின் இடத்தையும் நிஷாதத்தின் இடத்தையும் ஒலி கடந்துதான் செல்கிறது. கடந்து செல்லலாம், ஆனால் கால் ஊன்றி நிற்கக் கூடாது. ஒரு கணம் கூடுதலாகத் தங்கினாலும் அது வேறு ராகத்தின் வாசலாகிவிடும்.

உங்கள் மகள் வாசிக்கும் கீதம் அநேகமாக ‘வரவீணா’வாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் கர்நாடக இசை கற்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைக் கடந்தே வருகிறார்கள். ரூபக தாளத்தில் அதன் முதல் நான்கு ஆவர்த்தனங்களை, அதாவது தாளச் சுற்றுகளை, எழுதிப் பாருங்கள் (ஸ என்பது மேல் சட்ஜம்):

க க பா பா / த ப ஸா ஸா / ரி ஸ த த பா / த ப க க ரீ

இந்தச் சின்ன வரியைக் கட்டியவரின் அறிவை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். பாட்டு சட்ஜத்தில் தொடங்கவில்லை, காந்தாரத்தில் தொடங்குகிறது. இரண்டாவது அடியிலேயே முதல் பள்ளத்தைத் தாண்டிப் பஞ்சமத்துக்குப் போகிறது. அடுத்து தைவதத்தைத் தொட்டுவிட்டுப் பஞ்சமத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஒரே எட்டில் மேல் சட்ஜம். பிறகு இறக்கம்: ச-விலிருந்து த-வுக்கு, ப-விலிருந்து க-வுக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பள்ளங்களையும் கடந்தாகிவிட்டது. இத்தனைக்கும் கீழ்ச் சட்ஜத்தை இந்த நான்கு ஆவர்த்தனங்களிலும் ஒருமுறைகூடத் தொடவில்லை! பிள்ளைகளுக்கான பாட்டுதானே என்று பெரியவர்கள் கடந்துபோகிற ஒரு கீதத்தில் மோகனத்தின் முழு இலக்கணமும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வயலினில் இதை வாசிக்கும்போது ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அதில் போகிறார்கள். நம் வயலினில் நான்கு தந்திகளையும் ச, ப, ச, ப என்று சேர்த்திருக்கிறோம். சட்ஜத் தந்தியில் விரலை வைத்துக் காந்தாரம் வாசித்துவிட்டு, வில்லைச் சற்றுச் சாய்த்தால் பக்கத்துத் தந்தி பஞ்சமம்; விரலே வேண்டாம். சுரம் சரியாகத்தான் பேசும். ஆனால் பள்ளத்தைக் கடக்கவில்லை, பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போயாயிற்று. நல்ல ஆசிரியர் இதை விடமாட்டார். அதே தந்தியில் காந்தாரத்திலிருந்து விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போய்ப் பஞ்சமத்தில் நிறுத்தச் சொல்வார். எவ்வளவு வேகத்தில் இழுப்பது, எந்த இடத்தில் வில்லின் அழுத்தத்தைக் குறைப்பது, பஞ்சமத்தில் விரல் தாண்டிப் போகாமல் எப்படி நிற்பது என்று ஒவ்வொன்றுக்கும் நாள் பிடிக்கும். நான் கற்ற காலத்தில் இந்த ஒரு இழுப்புக்காக என் குருநாதர் என்னை ஒரு கோடை முழுவதும் உட்கார வைத்தார். வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தந்தியில் வியர்வை பட்டு விரல் வழுக்கும். அந்தக் கோடையில் நான் அழுதிருக்கிறேன். அடுத்த ஆண்டு பெரிய கீர்த்தனைகளை எடுத்தபோதுதான் அவர் எதைக் கையில் ஏற்றிவிட்டிருந்தார் என்று புரிந்தது.

ரிஷபத்தையும் தைவதத்தையும் பற்றி ஒரு வார்த்தை. இவை இரண்டும் சிறு அசைவோடு ஒலிக்கும்போதுதான் மோகனத்தின் முகம் தெரியும். காந்தாரம் நீண்டு நிற்கும் இடங்களில் அசைவு குறைவு. ஆடுகிற இரண்டும் நிலைத்து நிற்கிற ஒன்றுமாகச் சேர்ந்து நடக்கும் நடைதான் இந்த ராகம். எல்லாச் சுரத்தையும் ஒரே மாதிரி ஆட்டினாலும் அழகு போய்விடும், எதையும் ஆட்டாவிட்டாலும் போய்விடும். இந்த அசைவை எழுத்தில் கற்பிக்க முடியாது. ஆசிரியை வாசிக்க, பிள்ளை கேட்டுத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இனி, தவறாகக் கடந்தால் எந்த ராகத்துக்குள் போய் விழுவோம் என்று சொல்ல வேண்டும். மோகனத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் நெருங்கிய சொந்தக்காரர்கள். பிலஹரி ஏறும்போது அப்படியே மோகனம்; இறங்கும்போது மட்டும் நிஷாதமும் மத்தியமமும் சேர்ந்துவிடும். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உருவாக்கிய மோகனகல்யாணியும் ஏற்றத்தில் மோகனம், இறக்கத்தில் கல்யாணி. காம்போதியின் நிழலும் பக்கத்திலேயே இருக்கிறது. எனவே மோகனத்தில் ஆலாபனை செய்கிறவருக்கு இறக்கம்தான் சோதனை. மேல் சட்ஜத்திலிருந்து தைவதத்துக்கு வரும்போது நழுவல் மெதுவானால் நிஷாதம் பேசிவிடும். மிக அவசரமானால் கீபோர்டு கேட்டதுபோல ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே அளவறிந்து இறங்க வேண்டும்.

ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்களை வரிசைப்படுத்தும் மேளகர்த்தாக் கணக்கில் மோகனத்தை 28ஆவது மேளமான ஹரிகாம்போதியின் குழந்தை என்கிறார்கள். கணக்கை மட்டும் பார்த்தால் அதற்கு நான்கு தாய்கள் இருக்க முடியும். எந்த மத்தியமம், எந்த நிஷாதம் என்று சொல்லாமல் விட்டிருப்பதால் ஹரிகாம்போதி, சங்கராபரணம், வாசஸ்பதி, மேசகல்யாணி ஆகிய நான்கிலும் இந்த ஐந்து சுரங்களும் அடங்கும். இவற்றின் மேள எண்கள் முறையே 28, 29, 64, 65. ஹரிகாம்போதியைத் தேர்ந்தது மரபு. அந்த மரபுக்கு வலுவான காரணம் உண்டு என்று நினைக்கிறேன். பழந்தமிழ் இசையில் ஏழு சுர வரிசையைப் பாலை என்றார்கள்; அவற்றில் அடிப்படையான செம்பாலை இன்றைய ஹரிகாம்போதியே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. முல்லைப் பண் என்று நம் நூல்கள் சொல்வதை மோகனத்தோடு அவர்கள் பொருத்திக் காட்டியிருக்கிறார்கள். ஏழு சுரம் உள்ளதைப் பண் என்றும், ஆறு உள்ளதைப் பண்ணியம் என்றும், ஐந்து உள்ளதைத் திறம் என்றும், நான்கு உள்ளதைத் திறத்திறம் என்றும் வகுத்த மரபு நம்முடையது. ஐந்து சுர ராகம் என்பது ஏழிலிருந்து இரண்டைக் கழித்த மிச்சம் என்று அவர்கள் எண்ணியிருந்தால் ‘திறம்’ என்று அதற்கெனத் தனிப் பெயர் வைத்திருப்பார்களா?

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் தேடும்போது உங்கள் பையன் அதில் சிக்கிக்கொள்வான். வட இந்திய இசையில் பூபாலி என்றொரு ராகம் உண்டு, சுரங்கள் மோகனத்தினுடையவை. நம்மிடம் பூபாளம் என்று ஒன்று இருக்கிறது. அது வேறு ரிஷபம், வேறு காந்தாரம், வேறு தைவதம் கொண்ட விடியற்கால ராகம். பெயர் ஒட்டினாலும் உறவில்லை. அதே சமயம் பூபாலியின் சுரங்களையே வைத்துக்கொண்டு வடக்கில் தேஷ்கார் என்று இன்னொரு ராகமும் பாடுகிறார்கள். பூபாலியில் காந்தாரம் தலைவன், தேஷ்காரில் தைவதம் தலைவன். சுரப் பட்டியல் ஒன்றாக இருந்தும் ராகம் இரண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கீபோர்டை மூடிவைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக்கொண்டு செய்யக்கூடிய அருமையான ஒரு சோதனை இருக்கிறது. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்யட்டும். கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட வேண்டும். கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்திருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையைச் சட்ஜமாக வைத்துக் கறுப்பிலேயே ஏறிப் போனால் மோகனம். இப்போது அதே கறுப்புக் கட்டைகளில், அடுத்த கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு ஏறினால் மத்தியமாவதி. அதற்கடுத்ததிலிருந்து ஏறினால் ஹிந்தோளம். இரண்டு சேர்ந்த கூட்டத்தின் முதல் கட்டையிலிருந்து சுத்த சாவேரி, அதன் இரண்டாவது கட்டையிலிருந்து சுத்த தன்யாசி. ஐந்து கட்டைகள், ஐந்து ராகங்கள்! ஒவ்வொரு முறையும் சுருதிப்பெட்டியின் சட்ஜத்தை அந்தந்தக் கட்டைக்கு மாற்றி வைத்துக்கொண்டு வாசித்தால்தான் வித்தியாசம் காதுக்கு எட்டும். இல்லாவிட்டால் எல்லாமே மோகனமாகவே கேட்கும். இதற்குக் கிரகபேதம் என்று பெயர். நம் பழைய சொல் பண்ணுப் பெயர்த்தல். தியாகராஜரின் ‘சாமஜவரகமனா’ ஹிந்தோளம். சியாமா சாஸ்திரியின் ‘பாலிஞ்சு காமாட்சி’ மத்தியமாவதி. முத்தையா பாகவதரின் ‘ஹிமகிரி தனயே’ சுத்த தன்யாசி. தியாகராஜரின் ‘தாரினி தெலுசுகொண்டி’ சுத்த சாவேரி. இந்த நான்கையும் மோகனக் கீர்த்தனை ஒன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே தாயின் ஐந்து பிள்ளைகள் எவ்வளவு வேறுபட்ட சுபாவத்தோடு வளர்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும்.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை இந்தச் சோதனைக்குப் பிறகு படித்தால் அது வேறு மாதிரி ஒளிவிடும். மாதரி ஏழு ஆயர் பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல் முதல் தாரம் வரை ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரைச் சூட்டுகிறாள். அவர்கள் கைகோத்து ஆடி முல்லைத் தீம்பாணி பாடுகிறார்கள். சுரங்களை வட்டத்தில் நிறுத்திவிட்டால் எவளிடமிருந்து எண்ணத் தொடங்கினாலும் ஒரு புதிய வரிசை பிறக்கும். நாம் கறுப்புக் கட்டையில் செய்ததை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் இடைப் பெண்கள் கால்களால் செய்துகாட்டியிருக்கிறார்கள். முல்லைக்கு உரிய பொழுது மாலை. நானும் மோகனத்தை மாலையில்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சாஸ்திரக் கட்டாயம் ஏதுமில்லை, அந்த நேரத்தில் அது பிள்ளைகளிடம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

இனி எங்கள் பக்கத்துச் சங்கதி. 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முன் ஆரணியும் வேலூரும் ஒரே வடஆற்காடாக இருந்தன. என் தாயாரின் ஊர் ஆரணிக்குப் பக்கத்தில். கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுவதும் கூத்து. ஆர்மோனியத்தை அங்கே பெட்டி என்பார்கள். பெட்டியும் முகவீணை என்ற சிறு ஊதுகுழலும் மத்தளமும் தாளமும், பின்பாட்டுக்காரர்களும். எட்டு வயதில் நான் மோகனத்தை முதன்முதலாகக் கேட்டது அங்கேதான்; அதற்குப் பெயர் மோகனம் என்று தெரிந்துகொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிறான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. அந்த உயர்ந்த சுருதியில், ஒலிபெருக்கியே வேண்டாத குரலில், விடியற்காலை இருட்டில் ஒரு கலைஞர் மரத்தின் பாதியில் நின்று காந்தாரத்தை நீட்டியபோது ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டியும் கட்டைகள் கொண்ட வாத்தியம்தான். அதிலும் ஜாரு வராது, அதன் காந்தாரமும் கீபோர்டின் காந்தாரம்தான். ஆனாலும் அங்கே மோகனம் இருந்தது, ஏனென்றால் பெட்டி காட்டிய ஐந்து இடங்களுக்கு நடுவே குரல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் எழும்புகிற இடத்தில் பாடகர் வழுக்கினார். அந்தக் கலைஞருக்கு ஜாரு என்ற சொல்லோ சதுசுருதி என்ற சொல்லோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேடைக் கச்சேரிதான் ராகத்தின் ஒரே வீடு என்று நினைக்கிறவர்களோடு நான் இந்த இடத்தில் வழக்காடுவேன். ஆகவே உங்கள் பையன் கீபோர்டில் ஐந்து சுரத்தை அழுத்தட்டும். கூடவே வாயால் பாடட்டும். வாய் செய்வதைக் கை செய்யாது என்பதை அவனே கேட்டு உணர்வான்.

உங்கள் ஊரிலிருந்து பள்ளிகொண்டா பஸ்ஸில் அரை மணி நேரம். பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் கோயில். என் குருநாதர் ஒரு மார்கழியில் எங்கள் ஏழெட்டுப் பேரை அங்கே அழைத்துப் போனார். பெருமாள் பாம்பணையில் படுத்திருக்கிறார். மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து, அருணாசலக் கவிராயரின் ‘ஏன் பள்ளி கொண்டீரய்யா’வைப் பாடச் சொன்னார். அது திருவரங்கத்து ரங்கநாதரை நோக்கிய பாட்டு. மோகனத்தில் பாடுவது வழக்கம். ராமனாக வந்து செய்த ஒவ்வொரு செயலையும் எடுத்துச் சொல்லி, இதனால் வந்த களைப்பா, அதனால் வந்த களைப்பா என்று கேட்டுக்கொண்டே போகிறார் கவிராயர். நடந்து நடந்து கால் நொந்துபோன பிள்ளையிடம் வீட்டுப் பெரியவர் கேட்கிற மாதிரியான கேள்வி.

பாடி முடித்ததும் குருநாதர் வயலினை எடுத்துத் தியாகராஜரின் ‘நனுபாலிம்ப’வைத் தொடங்கினார். அதுவும் மோகனம். என்னைக் காக்க நீ நடந்தே வந்தாயோ என்று தொடங்கும் கீர்த்தனை. ஒன்றில் கடவுள் நடந்த களைப்பில் படுத்திருக்கிறார், மற்றொன்றில் பக்தனுக்காக நடந்து வருகிறார். 1711இல் பிறந்த ஒருவர் தமிழில் எழுதியது, 1767இல் பிறந்த ஒருவர் தெலுங்கில் எழுதியது. இரண்டும் ஒரே ராகத்தில், ஒரே அன்பில் சந்திப்பதை எங்களுக்குக் காட்டத்தான் அவர் அந்த ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறார். வழியில் எதுவும் விளக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நானே அதைக் கண்டுபிடித்து அவரிடம் சொன்னபோது தலையசைத்தார்.

‘நனுபாலிம்ப’வைக் கூர்ந்து கேளுங்கள். அவசரமே இல்லாத நடை. ஐந்து சுரங்களுக்குள்ளேயே ஒரே வரி மாறி மாறிச் சங்கதிக்குமேல் சங்கதியாக விரிகிறது. ஐந்து சுரத்தில் எப்படி ஒரு மணி நேரம் பாட முடியும் என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு நான் இந்தக் கீர்த்தனையைத்தான் காட்டுவேன். பள்ளம் இரண்டு இருப்பதால் ஒவ்வொரு சுரத்தையும் நெருங்குகிற வழி மாறிக்கொண்டே இருக்கிறது. பஞ்சமத்தைக் கீழிருந்து பள்ளம் தாண்டி அடையலாம், மேலே தைவதத்திலிருந்து ஓரடியில் இறங்கியும் அடையலாம்; இரண்டும் காதில் வெவ்வேறு பஞ்சமங்கள். மோகனத்திலேயே தீட்சிதரின் ‘ரக்த கணபதிம்’ கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. பாபநாசம் சிவனின் ‘கபாலி’ ஓடியாடுகிறது. ராகம் பெரிதா சிறிதா என்பதைச் சுரங்களை எண்ணிச் சொல்ல முடியாது என்பதற்கு இந்த மூன்றும் போதும்.

மூன்று மாதக் கேள்விக்கு வருகிறேன். பத்து வயதுக் குழந்தைக்கு இந்தக் கீதத்தில் மூன்று மாதம் அதிகமில்லை. அந்த மூன்று மாதத்தில் ஆசிரியை அவளைப் பாடவும் வைக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாடாமல் வெறும் விரலால் மட்டும் கற்றால் ஆறு மாதமானாலும் போதாது. காலையில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாடட்டும். பிறகு க-விலிருந்து ப-வுக்கும், மேல் ச-விலிருந்து த-வுக்கும் மிக மெதுவாக வழுக்கிப் போய்வரட்டும். அதற்குப் பிறகு வயலினை எடுத்தால் விரலுக்கு வழி தெரிந்திருக்கும். கீதத்தின் எல்லா வரிகளையும் நாள்தோறும் வாசிக்கத் தேவையில்லை. நான் மேலே எழுதிய நான்கு ஆவர்த்தனங்கள் சுத்தமாக வந்தால் மீதி தானாக வரும்.

அடுத்து அவளுக்கு ராமநாதபுரம் பூச்சி சீனிவாசய்யங்காரின் ‘நின்னுகோரி’ வர்ணம் வரும். அதுவும் மோகனம்தான், கீதத்தைவிடப் பெரிய பயிற்சிப் பாட்டு. அதில் வேகம் இரட்டிக்கும்போது இந்த ஜாருக்களுக்கு நேரமே கிடைக்காது. அதனால் இப்போதே அவை விரலில் ஊறியிருக்க வேண்டும். ஆசிரியை அதை எண்ணித்தான் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. வர்ணம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை அவளைப் பள்ளிகொண்டாவுக்கு அழைத்துப் போய், வயலினை எடுக்காமல், அந்த மண்டபத்தில் உட்காரவைத்துக் கவிராயரின் பல்லவியை ஒருமுறை பாடச் சொல்லுங்கள்.